புதுப்பிப்பு: பக்கத்து மேசைக் கொரியத் தோழி

இரண்டு மாதத்துக்கு முன்பு எழுதியிருந்தேன்: வாஷிங்டனில் நான் வேலை பார்க்கும் வெளியுறவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்கு சியோலிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் வந்திருக்கிறார், அவரைக் கூட்டங்களில் குறிப்பெடுக்க மட்டுமே உட்கார வைக்கிறார்கள் என்று. அது மாறிவிட்டது!

காரணம் ஒரே ஒரு வரி. கொரியா பற்றிய அறிக்கையின் வரைவில், கொரியப் போரை நிறுத்திய 1953 ஜூலை 27 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் தென்கொரியாவும் கையெழுத்திட்டதாக இருந்தது. அவர் அதன் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். கையெழுத்திட்டவை ஐ.நா. படைத் தலைமையும் வடகொரிய, சீனத் தரப்புகளும்தான். நாடு பிளவுபட்ட நிலையிலேயே போர் நிற்பதை அன்றைய தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ ஏற்கவில்லை. மூத்த ஆய்வாளர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பகுதியை நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார்.

அப்புறம் சாப்பிடும்போது கொரியத் தோழி சொன்னார், அவருடைய பாட்டி போர் நடந்துகொண்டிருந்த 1950 டிசம்பரில் வடகொரியாவின் ஹங்னாம் துறைமுகத்தில் கப்பலேறித் தெற்கே வந்தவராம். அங்கேயே தங்கிவிட்ட தங்கையிடமிருந்து கடைசிவரை ஒரு கடிதம்கூட வரவில்லை. சோற்றைத் தொடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கூட்டங்களில் கொரியா என்றாலே வடகொரியாவின் அணு ஆயுதம், தென்கொரியாவில் இருக்கும் 28,500 அமெரிக்க வீரர்கள் என்றுதான் பேச்சு தொடங்கும். அவர் எழுதிய பகுதி பிரிந்த குடும்பங்களிலிருந்து தொடங்குகிறது. எனக்கு அதுதான் சரியான தொடக்கம்.

இன்னும் எவ்வளவு நாள் இருப்பார் என்று கேட்டிருந்தீர்கள். ஜூன் வரை இருக்கிறார்.