கட்டணத்தை உயர்த்தியாக வேண்டும். சொல்லி அனுப்புகிறவர்களை இழக்காமல் எப்படிச் செய்வது?

கேள்வி – இரண்டு வண்டிக்காரர்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, இறக்கிக் கொடுக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். இரண்டு வண்டிகள், ஏழு ஆட்கள். விளம்பரம் செய்ததே இல்லை. ஒரு வீட்டார் மனம் நிறைந்தால் இன்னும் இருவரிடம் சொல்வார்கள், பத்து வேலைகளில் ஏழு அப்படி வருபவைதான். மூன்று ஆண்டுகளாக ஒரே கட்டணத்தில் ஓட்டுகிறேன். இதற்குள் ஆட்களின் கூலியை இருமுறை உயர்த்தினேன். டீசல், டயர், அட்டைப்பெட்டி எல்லாம் ஏறிவிட்டன. வண்டித் தேய்மானத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை எடுத்துத்தான் சென்ற ஆண்டைச் சமாளித்தேன்.

15 சதவீதம் உயர்த்தலாம் என்று சென்ற மாதம் ஒரே ஒருவரிடம் புதுத் தொகையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் அவரை அனுப்பிவைத்த பழைய வாடிக்கையாளர் அன்று மாலையே அழைத்து, "நீங்கள் என்னிடம் வாங்கிய தொகையைத்தான் அவரிடம் சொன்னேன், இப்போது நான் பொய் சொன்னவன்போல் நிற்கிறேன்" என்றார். பழைய தொகைக்கே அந்த வேலையை முடித்துக் கொடுத்தேன். அதன்பின் யாரிடமும் புதுத் தொகையைச் சொல்ல வாய் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – பழைய சுமைவண்டி

ஐயா, அந்த அழைப்பை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கட்டணம் அதிகம் என்று அவர் சொல்லவே இல்லை; தம் சொல் பொய்த்துவிட்டது என்றுதான் வருந்தியிருக்கிறார். பரிந்துரைக்கிறவர் நம் வேலையை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை, தாம் கொடுத்த தொகையையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறார். ஆகவே புதிதாக வருகிறவருக்கு முன்பாக, அனுப்புகிறவருக்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும்.

நான் கட்டணம் உயர்த்தியபோது, எனக்கு ஒருமுறையாவது ஆள் அனுப்பியவர்களின் பெயர்களைப் பழைய ரசீதுகளிலிருந்து எழுதி எடுத்தேன். பொதுவாக ஒரு குறுஞ்செய்தி தட்டிவிடாமல் ஒவ்வொருவரையும் நானே அழைத்து, எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு கூடுகிறது, எதனால் கூடுகிறது என்பதைச் சொல்லிவிட்டு, "இதற்குள் யாரிடமாவது பழைய தொகையைச் சொல்லியிருந்தால் அவர் பெயரைக் கொடுங்கள், அவருக்கு அதே தொகைக்குச் செய்து தருகிறேன்" என்றேன். பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் தங்கள் வார்த்தையைக் காப்பாற்ற ஒருவன் முன்வந்தான் என்பதை அத்தனை பேரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேண்டுகோளையும் அப்போதே வைத்தேன்: இனித் தொகையைச் சொல்லாதீர்கள், வீட்டை வந்து பார்த்துச் சொல்வார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இது வெறும் தந்திரமன்று. எந்த இரண்டு வீடுகளும் ஒன்றல்ல. மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியா, வண்டி வாசல்வரை வருமா, தெருமுனையில் நிறுத்திவிட்டுச் சுமக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே ஆட்களும் நேரமும் மாறுகின்றன. ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மதிப்பீடுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்; இனிக் கொடுப்பவற்றில் எத்தனை நாள் செல்லும் என்று தேதி போட்டுக் கொடுங்கள்.

பதில் – கணக்கர்

அச்சத்தைச் சற்றுக் கணக்கிலும் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு 100 வாங்கி, அந்த வேலைக்கென்றே ஆகும் கூலி, டீசல், பெட்டி எல்லாம் போக 25 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு வேலைகளில் கையில் நிற்பது 2500. கட்டணம் 115 ஆனால் வேலை ஒன்றுக்கு 40 மிஞ்சும்; 63 வேலைகள் செய்தாலே 2520 வந்துவிடும். உங்கள் மீதம் வேறாக இருந்தால் விடையும் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். ஒரு எச்சரிக்கையும் உண்டு: அனுப்புகிறவர் ஒருவர் மனம் கசந்து ஒதுங்கினால், குறைவது ஒரு வேலையோடு நிற்காது. அதனால் மேலே நண்பர் சொன்ன அழைப்புகளுக்கு நேரம் ஒதுக்குவது வீண் செலவாகாது.

வார இறுதியிலும் மாதக் கடைசியிலும் ஆள் போதாமல் வேலையைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் கூடுதலாகக் கேட்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பதில் – பழைய சுமைவண்டி

கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் ஒரு கடைக்காரர் பனி அள்ளும் மண்வாரியின் விலையை 15 டாலரிலிருந்து 20 டாலராக்கினால் அது நியாயமா என்று கேட்டபோது, 82 சதவீதத்தினர் நியாயமன்று என்றனர். தனக்கே செலவு கூடியதால் விலையை உயர்த்துகிறவரை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பிறருடைய நெருக்கடியைப் பார்த்து உயர்த்துகிறவரை ஏற்பதில்லை. எனவே உயர்த்திய தொகையையே எல்லா நாட்களுக்கும் வைத்து, வேலை குறைந்த வார நாட்களில் வருகிறவர்களுக்குக் கழித்துக் கொடுங்கள். கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கேட்கிறவர் மனத்தில் அது விழும் விதம் வேறு.

பதில் – ஆறு வீடு மாறியவள்

நான் தொழில் செய்பவள் அல்லள். ஆறு முறை வீடு மாறியவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஒருவரை நான் உறவினர்களுக்குச் சொல்லி வருகிறேன். அவருடைய ஆட்கள் கட்டிலைக் கழற்றியபோது திருகாணிகளை ஒரு சிறு பையில் போட்டு, அந்தக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலேயே ஒட்டிவைத்தார்கள். புது வீட்டில் ஒன்றையும் தேட வேண்டியிருக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியை வண்டியில் படுக்க வைக்கவே இல்லை. பேசிய தொகைக்குமேல் ஒரு காசும் கேட்கவில்லை. அவர் 15 சதவீதம் உயர்த்தினால் நான் அனுப்புவதை நிறுத்த மாட்டேன்.

நிறுத்தியதும் உண்டு. வேறொருவரிடம் என் நாத்தனாரை அனுப்பினேன்; பாதிச் சாமான்கள் தெருவில் இருக்கும்போது மாடிப்படிக்குத் தனிக்கூலி கேட்டார்கள். தொகை சிறியதுதான், ஆனாலும் நாத்தனார் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கூடுவதை முன்கூட்டியே தாளில் எழுதிவிடுங்கள்.

ஆள் அனுப்பினால் எனக்குப் பணம் தர முன்வராதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கூலி வாங்கிக்கொண்டு சொன்னேன் என்று தெரிந்தால் என் சொல்லுக்கு மதிப்பிராது. ஏதேனும் செய்ய விரும்பினால், நான் அனுப்புகிறவருக்கு நான்கு அட்டைப்பெட்டிகளை இலவசமாகக் கொடுங்கள்.

மறுமொழி – இரண்டு வண்டிக்காரர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு ரசீதுகளைப் புரட்டி, ஆள் அனுப்பியவர்களாக 41 பெயர்களை எழுதியிருக்கிறேன். புதுக் கட்டணத்தை அடுத்த மாதத்துக்குப் பதிலாக அதற்கடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வைக்கிறேன். அதற்குள் அத்தனை பேரையும் அழைத்துவிட முடியும். மதிப்பீட்டுத் தாளில் மாடி, மின்தூக்கி, வண்டி நிற்கும் தூரம் ஆகியவற்றுக்குத் தனி வரிகள் சேர்த்துவிட்டேன். அன்று மாலை என்னிடம் வருந்திப் பேசியவரை இன்று முதலில் அழைக்கிறேன்.