கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட எங்கள் டீச்சரின் படம்: உதவி தேவை

செங்கோட்டையில் எங்களுக்கு அரிச்சுவடி கற்பித்த பாலர் பள்ளி ஆசிரியை, ஓய்வுக்குப் பின் மகளுடன் மலேசியாவில் குடியேறி, தொண்ணூறு வயதைக் கடந்து, சென்ற மாதம் அங்கேயே காலமானார். அவர் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் நம் மாநிலத்தோடு இணைந்தது. எண்ணிக்கை சொல்லும்போது மட்டும் அவர் நாவில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

நினைவுக் கூட்டத்தில் வைக்க எங்களிடம் இருப்பது 1970-களில் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைக் குழுப்படம். அளவு ஏறத்தாழ 10 × 8 அங்குலம். சாரல் காலத்து ஈரத்தில் அதன் உருவம் பதிந்த ஜெலட்டின் பரப்பு சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, அதுவும் சரியாக அவர் முகம் இருக்கும் இடத்தில்.

கைபேசியில் எடுத்தால் வெளிச்சம் பிரதிபலிக்கிறது. தன்மேல் ஒட்டிக் கிடப்பதை மட்டுமே தெளிவாகப் பிடிக்கும் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் வைத்தால் கண்ணாடியின் தடிமனால் முகங்கள் மங்குகின்றன. ஒரு ஸ்டூடியோவில் நீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்றார்கள். ஓரங்களில் பூஞ்சை பிடித்திருப்பதாலும், பின்புறம் பிள்ளைகளின் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருப்பதாலும் அதற்கு நான் உடன்படவில்லை.

கண்ணாடியைப் பிரிக்காமலேயே, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து, போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) பொருத்திய கேமராவில் இதை நகலெடுத்துத் தரக்கூடியவர் தென்காசிக்கும் புனலூருக்கும் இடையே யாரேனும் இருக்கிறார்களா?