ஜப்பானுக்குத் துணை ஆங்கில ஆசிரியராகச் செல்லும் முன் எவற்றை ஆயத்தம் செய்ய வேண்டும்?

கேள்வி (யீஷூன்வாசி):

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டினரைப் பள்ளிகளில் பணியாற்ற அழைக்கும் ஜப்பானிய அரசின் ‘ஜெட்’ திட்டத்தின் கீழ் ஜப்பானில் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற நான் தேர்வு பெற்றிருக்கிறேன். ஜூலை இறுதியில் சிங்கப்பூரிலிருந்து தோக்கியோவுக்குச் சென்று, அறிமுகப் பயிற்சி முடிந்ததும் அகித்தா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகருக்குப் போக வேண்டும். ஒரு நடுநிலைப்பள்ளி, இரண்டு தொடக்கப்பள்ளிகள் என மூன்று இடங்களில் பணி என்று கடிதம் வந்திருக்கிறது.

இங்கே ஓராண்டு தொடக்கப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்திருக்கிறேன். ஜப்பானிய மொழியில் ஹிராகானா, கத்தகானா எழுத்துகளைத் தவிர வேறொன்றும் அறியேன். நான் சைவம். தைராய்டுக்காக நாள்தோறும் மாத்திரை உட்கொள்கிறேன். பாடத்துக்கான படங்கள், அட்டைகள், விளையாட்டுப் பொருள்கள் என்று இரண்டு பெட்டிகளை நிரப்பிவிட்டேன். ஆனாலும் முக்கியமான ஏதோ ஒன்றை மறந்துவிட்டதாகவே மனம் சொல்கிறது. அங்கே இருந்து திரும்பியவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (பனியூரார்):

வாழ்த்துகள், தங்கையே. நான் பக்கத்து மாநிலமான யமகத்தாவில் மூன்றாண்டுகள் இருந்தேன். அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் காலி செய்துவிடுங்கள். வண்ணத் தாளும் அட்டையும் ஜப்பானின் 100 யென் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

முதலில் மாத்திரையைக் கவனியுங்கள். மருத்துவர் எழுதித் தரும் மருந்தை ஒரு மாத அளவுக்குத்தான் அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஜப்பானிய சுகாதார அமைச்சிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ‘யுன்யூ கக்குனின்ஷோ’ என்னும் இறக்குமதிச் சான்றிதழைப் பெற வேண்டும். பலதுறை மருந்தகத்தில் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் குறித்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால், அங்குள்ள மருத்துவரிடம் காட்டித் தொடர்ந்து மருந்து பெற எளிதாக இருக்கும். வீட்டில் வழக்கமாக வைத்திருக்கும் சளி மாத்திரைகளையும் ஒருமுறை சரிபாருங்கள். சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றை ஜப்பானுக்குள் கொண்டு செல்லவே கூடாது.

அடுத்தது பணம். விமானச் சீட்டை ஜெட் திட்டத்தினரே தந்துவிடுவார்கள். ஆனால் முதல் சம்பளம் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குள் வீட்டுக்கு முன்பணமாக ‘ஷிகிகின்’, சில இடங்களில் வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தரும், திரும்பி வராத ‘ரெய்கின்’, முதல் மாத வாடகை, படுக்கை, கைப்பேசி என்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நான் 300,000 யென் கொண்டு போனேன். சம்பள நாளன்று என்னிடம் எஞ்சியிருந்தது இரண்டு தாள்கள். உங்களுக்கு முன் அந்தப் பணியில் இருந்தவர் குடியிருந்த வீடே உங்களுக்குக் கிடைக்குமா, அதில் என்னென்ன பொருள்களை விட்டுச் செல்கிறார் என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். செலவு பாதியாகக் குறையக்கூடும்.

விமான நிலையத்தில் தரும் வசிப்பிட அட்டையை எடுத்துக்கொண்டு, ஊரில் குடியேறிய 14 நாள்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் பள்ளியிலிருந்தோ கல்வி வாரியத்திலிருந்தோ ஒருவர் உடன் வருவார்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பழைய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி கிடையாது. மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறை மட்டும் கதகதப்பாக இருக்கும்; கதவைத் திறந்து நடைவழிக்கு வந்தால் மூச்சு புகையாகத் தெரியும். என் சமையலறையில் தேங்காயெண்ணெய் அக்டோபரிலிருந்தே கல்லாக உறைந்துவிடும். புட்டியை வெந்நீரில் நிறுத்தி வைத்துத்தான் தாளிப்பேன். குளிருடைகளைச் சிங்கப்பூரில் வாங்காதீர்கள், அங்கேயே வாங்குங்கள்.

மறுமொழி (கடற்கரைப்பள்ளி):

பனியூரார் வாழ்க்கைக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிட்டார். நான் ஹியோகோ மாநிலத்தில் நான்காண்டுகள் கற்பித்தவன் என்பதால் வகுப்பறையைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் பதவியில் உள்ள ‘துணை’ என்னும் சொல்லை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு தனியாக வகுப்பை நடத்திய உங்களுக்கு அதுதான் கடினமாக இருக்கும். நடுநிலைப்பள்ளியில் பாடத்தைத் திட்டமிடுபவர் ஜப்பானிய ஆங்கில ஆசிரியர். சில நாள்களில் பாடநூலை உரக்க வாசிப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலை இருக்காது. தொடக்கப்பள்ளியில் நிலைமை வேறு. 2020 முதல் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளைகளும், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளைகளும் ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. வகுப்பாசிரியருக்கே ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால், முழுப் பாடவேளையும் உங்கள் தோளில் விழும். ஒரே வாரத்தில் இரண்டு விதமான பணிக்கும் நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாணவன் எழுந்து நின்று, உடனே பதில் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவனிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் பேசுவான். அவன் காப்பியடிப்பதாக நான் முதலில் எண்ணிக் குறுக்கிட்டேன். அது பெரும் தவறு. பிழையாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அவன் சரிபார்த்துக்கொள்கிறான். கேட்ட பிறகு அரை நிமிடம் இருவர் இருவராகப் பேசவிடுங்கள். கைகள் தாமாக உயரும்.

மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் பயனிலை என்னும் வரிசையும், பெயருக்குப் பின் உருபு சேரும் முறையும் தமிழில் உள்ளவைதாம். ‘தோக்கியோவுக்குப் போகிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘தோக்கியோ நி இகிமாஸ்’ என்று வந்துவிடும். ஆங்கிலத்தின் வழியாகக் கற்காமல் தமிழின் வழியாக யோசித்தபோதுதான் எனக்கு வேகம் பிடித்தது.

உணவு பற்றி முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பள்ளி மதிய உணவின் சூப்பில் காய்கறி மட்டுமே மிதந்தாலும், ‘தாஷி’ என்னும் சாறு பெரும்பாலும் மீனிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். ‘இறைச்சி சாப்பிடுவதில்லை’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். வீட்டிலிருந்து உணவு கொண்டுவர அனுமதி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். மாணவர்களோடு அமர்ந்து உண்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கேதான் உங்களிடம் பேசுவார்கள்.

யீஷூன்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரைக்கான விண்ணப்பத்தை இன்றே தொடங்குகிறேன். ஒரே ஒரு ஐயம்: அம்மா மிக்சியையும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறார். கொண்டு போகலாமா?

பனியூரார்:

இரண்டும் வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சி சரியாக ஓடாது. பச்சை இலைகளைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பொடித்த மசாலாக்களையும் பெருங்காயத்தையும் முத்திரை பிரிக்காத பொட்டலங்களாகக் கொண்டு செல்லுங்கள். மாவரைக்க அங்கேயே ஒரு சிறிய மிக்சி வாங்கலாம். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது. ‘கொத்தாத்சு’ என்னும் சூடூட்டும் மேசையின் போர்வைக்குள் பாத்திரத்தை இரவு முழுவதும் மிகக் குறைந்த சூட்டில் வைத்துப் பாருங்கள். எனக்குக் காலையில் மாவு பொங்கியிருந்தது.