ஃபேக்டோரியல் வரும் எல்லைக் கணக்குகள்: நீங்கள் சந்தித்த அனுபவம்

பயிற்சி மைய ஆசிரியர், மதுரை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். n!, அதாவது 1 முதல் n வரையிலான எண்களின் பெருக்கம், எல்லோருக்கும் தெரியும். எல்லை என்றால் n பெரிதாகிக்கொண்டே போகும்போது நெருங்கும் மதிப்பு என்பதும் தெரியும். இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்து வந்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. இந்தக் கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் என் வகுப்புக்கும் உதவும். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எப்போதும் தொடங்குவது n!/nⁿ. n முடிவில்லாமல் பெரிதானால் இது எங்கே போகும்? "மேலேயும் முடிவிலி, கீழேயும் முடிவிலி, லோபிதால் விதி போடலாம் சார்" என்று உடனே பதில் வரும். மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு எல்லை காணும் விதி அது. போட முடியாது. n! முழு எண்களுக்கு மட்டுமே சொல்லப்பட்டது. தாளில் வரைந்தால் தனித்தனிப் புள்ளிகள்தான் கிடைக்கும். வகையிடுவதற்கு வளைகோடே இல்லை. முழு எண்களுக்கு இடையிலும் ஃபேக்டோரியலை நீட்டித் தரும் காமா சார்பைக் கொண்டுவந்து வகையிடலாம்தான், ஆனால் சிக்கல் கூடுமே தவிர குறையாது.

அதனால் n = 5 என்று வைத்து விரித்து எழுதச் சொல்வேன். 1/5 × 2/5 × 3/5 × 4/5 × 5/5. பெருக்கினால் 0.0384. கடைசிக் காரணி 1, மற்ற எல்லாம் 1-ஐவிடச் சின்னவை, முதல் காரணியோ 1/5. ஆக மொத்தப் பெருக்கம் 1/5-ஐத் தாண்டவே முடியாது. 5 இருந்த இடத்தில் n போட்டால் 1/n-ஐத் தாண்டாது. எல்லை 0. ஒரு விதியும் இல்லாமல், எழுதிப் பார்த்ததிலேயே விடை வந்துவிட்டது என்று தெரியும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதற்காகவே இந்தக் கணக்கை விடமாட்டேன்.

அடுத்த கேள்வி, எவ்வளவு வேகமாக 0-க்குப் போகிறது என்பது. அதே n!/nⁿ-க்கு n-ஆம் மூலம் எடுத்தால் எல்லை 1/e, அதாவது 0.3679 (e என்பது 2.718… என்ற மாறிலி). இதற்கு இரண்டு வழி உண்டு. மடக்கை எடுத்து, வரும் கூட்டலை 0 முதல் 1 வரையிலான தொகையீடாக மாற்றுவது ஒன்று. பெரும்பாலான கையேடுகளில் அதுதான் இருக்கும். எனக்குப் பிடித்தது மற்றது: அடுத்த உறுப்பை இந்த உறுப்பால் வகுத்துப் பாருங்கள். ஃபேக்டோரியல் எல்லாம் அடிபட்டுப்போய் (n/(n+1))ⁿ மட்டும் மிஞ்சும், அது 1/e-க்குப் போகும். மிகை எண்களின் தொடர்முறை ஒன்றில் பக்கத்துப் பக்கத்து உறுப்புகளின் விகிதத்துக்கு ஓர் எல்லை இருந்தால், n-ஆம் மூலமும் அதே எல்லைக்குத்தான் போகும். இந்த ஒரு தேற்றம் கையில் இருந்தால் போதும்.

2016 ஜேஇஇ மெயின் தேர்வில் (n+1)(n+2)…(3n)-ஐ n²ⁿ-ஆல் வகுத்து n-ஆம் மூலம் எடுத்து எல்லை கேட்டிருந்தார்கள். விகிதம் எடுத்தால் மேலே (3n+1)(3n+2)(3n+3) என்று மூன்று காரணிகள் புதிதாக வரும், அவற்றிலிருந்து 27. கீழே இருப்பதிலிருந்து 1/e². விடை 27/e². தொகையீட்டு வழியில் அரைப் பக்கம் ஆகும், இதில் மூன்று வரி.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். எண்களைப் போட்டுப் பார்த்து விடையை ஊகிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன 1/e கணக்கில் n = 10-க்கு 0.4529, 100-க்கு 0.3799, ஆயிரத்துக்குப் போனாலும் 0.3695. அவ்வளவு மெதுவாக இறங்குகிறது.

மென்பொருள் துறை, சென்னை

எண்களைப் போட்டுப் பார்ப்பது பற்றி சார் சொன்னதற்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. கல்லூரிக்குக் கொண்டுபோகும் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 69! வரைக்கும் வரும், 70! அடித்தால் எரர். காரணம், 70! என்பது 10¹⁰⁰-ஐத் தாண்டிவிடுகிறது, அந்தக் கருவிக்கு அவ்வளவுதான் இடம். கம்ப்யூட்டரில் வழக்கமான 64 பிட் தசம எண்ணுக்கு 170! வரை கொள்ளும். 171! என்றால் இன்ஃபினிட்டி என்று காட்டிவிடும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி 100ⁿ/n! என்பதை ஜாவாஸ்கிரிப்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "n = 200-இல் எண்ணே இல்லை என்கிறது அண்ணா, அப்போ இதுக்கு எல்லை கிடையாதா?" என்று வந்து நின்றார். மேலே 10⁴⁰⁰, கீழே 200!, இரண்டுமே கொள்ளளவைத் தாண்டியவை. இன்ஃபினிட்டியை இன்ஃபினிட்டியால் வகுக்கச் சொன்னால் அது வேறு என்ன செய்யும்? தனித்தனியாகக் கணக்கிடாமல், போன உறுப்பை 100/n-ஆல் பெருக்கிக்கொண்டே போகச் சொன்னேன். இதுவும் சார் சொன்ன அதே பக்கத்து உறுப்பு விகிதம்தான்.

அப்புறம் திரையில் ஓடியதை இருவரும் சேர்ந்து பார்த்தோம். 100, 5000, 1,66,667 என்று ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது. 99-ஆம் உறுப்பும் 100-ஆம் உறுப்பும் அச்சு அசல் ஒன்று, சுமார் 1.07 × 10⁴². அதுவரை மட்டும் பார்த்தவர் இது முடிவிலிக்குத்தான் போகிறது என்று சத்தியமே செய்வார். 101-இலிருந்து இறக்கம் தொடங்குகிறது. 200-ஐத் தாண்டியபின் ஒவ்வோர் அடியிலும் பாதிக்கும் கீழே விழுகிறது, 269-இல் 1-க்குக் கீழே போய்விடுகிறது. எல்லை 0. நூறுக்குப் பதில் கோடி என்று வைத்தாலும் கதை இதுவேதான், உச்சி மட்டும் கோடியில் இருக்கும்.

புள்ளியியல் ஆசிரியை, கோவை

சுருக்கமாகச் சொல்கிறேன். 100 நாணயம் சுண்டினால் சரியாக 50 தலை விழ வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், முதலாண்டு மாணவிகளில் பலர் பாதி என்பார்கள். உண்மையில் 0.0796. பொதுவாக 2n நாணயத்துக்கு (2n)!-ஐ (n!)²-ஆலும் 4ⁿ-ஆலும் வகுக்க வேண்டும். இங்கே விகித முறை பாதி வழிதான் கொண்டுபோகும், ஏனென்றால் பக்கத்து உறுப்புகளின் விகிதம் 1-க்கே போகிறது. ஸ்டர்லிங் வாய்பாடு வேண்டும்: n! என்பது ஏறக்குறைய √(2πn) × (n/e)ⁿ. போட்டுச் சுருக்கினால் e எல்லாம் அடிபட்டு 1/√(πn) மட்டும் நிற்கும். n = 50-க்கு அது 0.0798.

இந்த நாணயக் கேள்விதான் அந்த வாய்பாட்டுக்கே தாய். ஈருறுப்பு விரிவின் நடு உறுப்பைப் பிடிக்கப்போய்த்தான் டி மாவர் அந்த வடிவத்துக்கு வந்தார். முன்னால் நிற்கும் மாறிலி √(2π) என்று கண்டு சொன்னவர் ஸ்டர்லிங். இரண்டும் 1730-ஐ ஒட்டி நடந்தவை. பெயர் ஸ்டர்லிங்குக்கு மட்டும் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கணித ஆய்வு மாணவர்

நண்பர் சொன்ன 99-உம் 100-உம் சமம் என்பதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். என்னை ஆய்வுப் பக்கம் இழுத்த கணக்கு அதில்தான் இருக்கிறது.

1 + n + n²/2! + … + nⁿ/n! என்று கூட்டி, eⁿ-ஆல் வகுங்கள். n பெரிதாகும்போது எல்லை என்ன? eⁿ-இன் விரிவும் இதே உறுப்புகள் முடிவில்லாமல் நீளும் கூட்டல்தான், இது அது மாதிரியே இருப்பதால் 1 என்று சொல்லத் தோன்றும். ஆனால் கூட்டல் n-இல் நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் எண்ணும் கூடவே வளர்கிறது. கணக்கிட்டால் n = 1-க்கு 0.736, 2-க்கு 0.677, 10-க்கு 0.583, 100-க்கு 0.527. எல்லை 1/2.

ஏன் பாதி? nᵏ/k! உறுப்புகள் k = n−1 வரை ஏறி, k = n-இல் அதே உயரத்தில் நின்று, அப்புறம் இறங்குகின்றன. நாம் கூட்டலை நிறுத்துவது சரியாக மலையுச்சியில். n பெரிதாக ஆக, உச்சியின் இரண்டு சரிவுகளும் ஒன்றுபோல் ஆகின்றன. நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது சராசரி n உள்ள பாய்சான் பரவல். மைய எல்லைத் தேற்றம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ராமானுஜன் இதோடு விடவில்லை. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி வைத்தார், எண் 294. k = n−1 வரைக்கும் உறுப்புகளை முழுதாகக் கூட்டுங்கள், கடைசி உறுப்பான nⁿ/n!-இல் θ பங்கை மட்டும் சேருங்கள், மொத்தம் சரியாக eⁿ-இல் பாதி ஆகட்டும். அந்த θ எப்போதும் 1/2-க்கும் 1/3-க்கும் நடுவில் இருக்கும் என்று காட்டுக. n = 1 போட்டுப் பாருங்கள்: e/2 = 1 + θ, ஆக θ = 0.359. n = 2-க்கு 0.347. மெல்ல இறங்கி 1/3-ஐ நெருங்கும். 1913 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் இன்னும் கூர்மையாக, θ = 1/3 + 4/(135(n+k)), இதில் k என்பது 8/45-க்கும் 2/21-க்கும் இடையில் என்று எழுதினார். பிற்பாடு 1928-இல் செகோவும் 1929-இல் வாட்சனும் இந்த θ-வை எடுத்து ஆராய்ந்தார்கள். சென்னையில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்த காலத்தில் ஒருவர் இதழின் கேள்விப் பகுதிக்கு அனுப்பிய நான்கு வரி அது. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

பயிற்சி மைய ஆசிரியர், மதுரை

தம்பி, மேடம் தந்த வாய்பாட்டையும் உங்கள் θ-வையும் சேர்த்துப் பார்த்தேன். கடைசி உறுப்பை eⁿ-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1/√(2πn). அதில் θ போக மீதி மூன்றில் இரண்டு பங்கு. n = 100-க்கு 0.0399-இல் மூன்றில் இரண்டு 0.0266, பாதியோடு சேர்த்தால் 0.5266. நீங்கள் போட்ட 0.527 அப்படியே வருகிறது. ஆனால் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: n-இல் நிறுத்தாமல் வேறு இடத்தில் நிறுத்தினால்?

கணித ஆய்வு மாணவர்

நல்ல கேள்வி சார். 2n வரை கூட்டினால் எல்லை 1. n/2 வரை என்றால் 0. உச்சியிலிருந்து √n அளவு தூரத்துக்குள் நிறுத்தினால்தான் இடைப்பட்ட விடை வரும். உதாரணமாக n + √n வரை கூட்டினால் 0.8413. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 1-க்கு நேரே இருக்கிறதே, அதே எண்.