மயிலுக்குப் பின்னால் ஓடிய வெள்ளையனும் முழங்கை தேய்ந்த நானும்

கானாடுகாத்தானிலிருந்து:

கயிற்றை இழுக்கும் நாய்களைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நாங்கள் இங்கே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கோயில் காரியம், கல்யாணம் என்றால்தான் வருவார்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இவ்வளவு நீள வீட்டில் ராத்திரி தனியாகக் கிடக்கிறோமே என்று வீட்டு ஆச்சி ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. பெயர் வெள்ளையன். குட்டியில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே பின்னால் வருவான். எட்டு மாதம் ஆனதும் ஆள் மாறிவிட்டான். பத்தாம் மாதம் 24 கிலோ; வாசல்படி இறங்கியதும் கயிறு விறைத்துவிடும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தேன் (இதை யாரும் செய்யாதீர்கள்). பின்தெருப் பொட்டலில் ஒரு மயில் நின்றது. அவன் பார்த்தது எனக்குத் தெரியாது, தரையில் கிடந்தபோதுதான் தெரிந்தது. சரளையில் நாலைந்து கெஜம் இழுத்துப் போனான். முழங்கைத் தோல் உரிந்து, மணிக்கட்டில் கயிற்றுத் தடம் கன்றிப்போய்விட்டது. மயில் ஓட்டு மேல் ஏறிக்கொண்டது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, "இவனைச் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டிப் போங்க தம்பி" என்றார்.

ஆளாளுக்கு யோசனை. கடையில் இறுக்குச் சங்கிலி ஒன்றைக் கொடுத்தார்கள். போட்டேன். இழுத்தான், கரகரவென்று இருமினான், கண் சிவந்தது, மறுபடி இழுத்தான். தடுப்பூசிக்குப் போனபோது மாட்டு டாக்டர் அதைப் பார்த்துக் கழற்றச் சொன்னார். மூச்சுக்குழல் அங்கேதான் இருக்கிறது, கெட்டுப்போகும் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "இழுத்தா அவன் நினைச்ச இடத்துக்குப் போய்ச் சேர்றானா, இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் போய்ச் சேர்ந்திருக்கிறான். விளக்குக் கம்பத்துக்கு இழுப்பான், நான் பின்னால் ஓடுவேன். ஊருணிக்கரைக்கு இழுப்பான், அங்கேயும் ஓடுவேன். இழுத்தால் வழி கிடைக்கும் என்று இத்தனை மாதமாகச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நான் பின்னுக்கு இழுத்ததும் வீண். நுகத்தடி அழுத்த அழுத்த மாடு முன்னே சாய்கிற மாதிரி, கழுத்தில் பாரம் விழுந்தால் நாயும் எதிர்த்துச் சாயும்.

பாடத்தைத் தெருவில் தொடங்கவில்லை, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தொடங்கினேன். உள்ளே மயில் இல்லை, கோழி இல்லை. தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வார்த்தெடுக்கிற கல், வழவழ. இழுத்தான் என்றால் நகம் பிடிக்காமல் நாலு காலும் நாலு பக்கம் போகும். அவனே திகைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்த நொடியில் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு, என் இடது தொடை ஓரமாக. மசாலா கிடையாது, வெங்காயம் பக்கத்திலேயே வரக்கூடாது, நாய்க்கு ஆகாது. நாலு நாளில் தொடை ஓரம்தான் ஈரல் கிடைக்கிற இடம் என்று கண்டுகொண்டான்.

பிறகு தெரு. ஆறடிக் கயிறு. இறுகினால் நான் மரம். பேச்சு இல்லை, கயிற்றைச் சுண்டி இழுப்பதும் இல்லை, நிற்பேன். அவன் ஒரு எட்டுப் பின்வைத்தோ தலையைத் திருப்பியோ கயிறு தொய்ந்ததும் நடப்பேன். ரொம்ப மும்முரமாக இழுத்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன். முதல் நாள் அரை மணி நேரத்தில் இரண்டு வீடு தாண்டவில்லை. எங்கள் ஊர் வீடுகள் அகலமானவை, இரண்டு வீடு என்றாலே நல்ல தூரம், அது ஒன்றுதான் ஆறுதல். திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், "என்னப்பா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

இரண்டாம் வாரம் நன்றாக இருந்தான். மூன்றாம் வாரம் முன்பைவிட மோசம். எரிச்சலில் விட்டிருப்பேன். பிறகுதான் தெரிந்தது, சாயங்காலம் என் தம்பி அவனை டீக்கடைக்கு ஓட்டமாக ஓட்டிப் போய்க்கொண்டிருக்கிறான். இழுப்பது பத்தில் ஒரு தடவை பலித்தாலே போதும், மீதி ஒன்பது தடவையும் வெள்ளையன் முயற்சி செய்வான். தம்பியிடமிருந்து கயிற்றைப் பிடுங்கியது வெள்ளையனைப் பழக்கியதைவிடக் கஷ்டம்.

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டு லேப்ரடார் கதையும் இதே. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: பட்டன் அழுத்தினால் நீளுகிற ரீல் கயிறு வாங்காதீர்கள். அதில் எப்போதும் கொஞ்சம் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். இழுத்தால்தான் கயிறு நீளும் என்று நாய் கற்றுக்கொள்ளும். எங்களுக்கு அதை மறக்கடிக்க ஆறு மாதம் ஆனது. மார்பின் முன்பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றிப் போடுகிற வார்) உதவியது. இழுத்தால் உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். முதுகில் வளையம் உள்ளதை வாங்கியபோது இன்னும் வசதியாக இழுத்தான், பாரவண்டி மாடு தோற்றது.

பள்ளத்தூரிலிருந்து:

சிப்பிப்பாறை நாய் வைத்திருப்பவர்கள் கவனம். தலை ஒடுங்கியது, கழுத்துதான் பருமன். பின்வாங்கினால் சாதா கழுத்துப்பட்டை காது வழியாகக் கழன்று வந்துவிடும். எங்களுக்கு ரயில்வே கேட் பக்கத்தில் அப்படி ஆனது. கையில் பட்டையும் கயிறும் மட்டும், நாய் அந்தப் பக்கம். ஓரளவுக்கு மேல் இறுகாத அகலப் பட்டை இருக்கிறது, மார்ட்டிங்கேல் என்று கேளுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஐயா காலத்தில் நாயைக் கயிறு கட்டி நடத்தியதே கிடையாது. ராஜபாளையம் வேட்டை நாய். ஓடவிடாமல் பக்கத்தில் நட என்றால் எப்படி நடக்கும்?

கானாடுகாத்தானிலிருந்து:

காரைக்குடி அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நானும் இப்போது முதலில் பின்கட்டுத் தோட்டத்தில், கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டுத்தான் கயிறு போடுகிறேன். வேப்பமரத்தடி கண்டால் மோந்து பார்க்க விடுகிறேன், கயிறு தொய்வாக இருந்தால் மட்டும். ஈரலைவிட அந்த மோப்பத்துக்குத்தான் அவன் அதிகம் மயங்குகிறான். ஆனால் ஊர் அந்தக் காலத்து ஊர் இல்லையே அண்ணே, டூரிஸ்ட் வேனும் பைக்கும் பார்த்தீர்களா? இந்தப் பங்குனி வெயிலில் ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுகிறோம். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஏழு எண்ணும்வரை தாங்கவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.

தையில் ஆச்சி வந்திருந்தார்கள். எழுபத்தைந்து வயது. "கயிற்றைக் குடு தம்பி, ஊருணி வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றார்கள். வேண்டாம் ஆச்சி என்றேன், கேட்கவில்லை. இரண்டடி பின்னால் கையை நீட்டிக்கொண்டே போனேன். நாலாவது வீட்டு வாசலில் இரண்டு கோழி. வெள்ளையன் காது விறைத்தது, கயிறு இறுகியது. ஆச்சி நின்றுவிட்டார்கள். பழக்கம் தெரிந்து நிற்கவில்லை, எதிர்த்த வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டார்கள். பேத்தி கல்யாணம், சீர், மண்டபம் என்று இருபது நிமிடம் பேச்சு. அவன் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான், ஆச்சியைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான், அப்புறம் நடுத்தெருவில் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.