கால்சியத்தைக் காட்டும் ஒளிர்சாயத்தைச் செல்லில் ஏற்றிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

கோவைப் பொண்ணு:
முதுகலை முடித்த கையோடு கோவையில் ஒரு ஆய்வகத்தில் இருந்தேன். ஹீலா என்கிற மனிதப் புற்றுச் செல், கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும் ஃபுளூவோ-4 ஏஎம் சாயம், கழுவிவிட்டு, செல்லுக்குள் சாயத்தைத் தயாராக்கும் எஸ்டரேஸ் நொதியின் வேலை முடிய அரை மணி நேரம், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். இருட்டறையில், செல்லைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றும் ஏடிபி ஒரு துளி விட்டேன். சில நொடியில் ஓரத்தில் ஒரு செல் பச்சையாக எரிந்தது, அப்புறம் பக்கத்துச் செல், அதற்கடுத்தது என்று, கார்த்திகைக்கு அம்மா திண்ணையில் அகல் ஏற்றிக்கொண்டே போகிற மாதிரி. ஓடிப்போய் வழிகாட்டியைக் கூட்டி வந்து காட்டினேன். மறுநாள் ஏடிபி இல்லாத வெறும் பஃபர் கரைசல் ஒரு துளி. அதேபோல் எரிந்தது, மூன்று தட்டிலும். முதல் நாள் நான் பார்த்தது ஏடிபியின் வேலையா, துளி விழுந்த அதிர்ச்சியா என்று இன்னும் தூக்கத்தில்கூட வருகிறது.

திருப்பூரான்:
ஏனுங்க, பஃபரில் எரிந்ததும் நிஜக் கால்சியமாகவே இருக்கலாம். துளி இடித்தால் செல்லே தன் ஏடிபியை வெளியே விடும், அது பக்கத்துச் செல்லை எழுப்பும். எனக்கு நடந்தது வேறு. அப்பா சாயப்பட்டறையில் இருந்தவர், சாயம் போகாமல் நிற்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஏப்ரலில் ஏசி ரிப்பேர். வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது, கால்சியம் குறைகிறது என்று நோட்டில் எழுதிவிட்டேன். அந்தச் சூட்டில் செல்லிலிருந்து சாயம்தான் வெளியேறியிருக்கிறது. சாயம் வெளியேறுவதைத் தடுக்கும் புரோபெனெசிட் போட்டதும் நின்றது.

பொள்ளாச்சி அக்கா:
தம்பி, வெளிச்சம் இறங்கியதை மட்டும் வைத்து ஃபுளூவோ-4இல் நீங்கள் அப்படி எழுதியிருக்கவே கூடாது. சாயம் குறைந்தாலும் வெளிறினாலும் அதே இறக்கம்தான் தெரியும். இதற்காகத்தானே 1985இல் ரோஜர் சியென் என்ற வேதியியலாளரின் குழு ஃபியூரா-2 சாயத்தைக் கொண்டுவந்தது. 340, 380 நானோமீட்டர் இரண்டிலும் மாறி மாறி ஒளியூட்டி, 510இல் வரும் இரண்டு வெளிச்சத்தையும் ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்த்தால் சாயத்தின் அளவு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். என் கதை சின்னது. பிளாஸ்டிக் தட்டில் வைத்து 340இல் ஒன்றுமே தெரியாமல் ஒரு வாரம் அழுதேன், பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கியிருக்கிறது, கண்ணாடி அடித்தட்டுக்கு மாறியதும் சரியானது. கோவைக் கண்ணு, நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துளியாக விடாதே, ஒரே சீராக ஓடுகிற பஃபரில் மருந்தை மாற்றிவிடு. முதலில் பஃபரிலிருந்து பஃபருக்கே ஒருமுறை மாற்றிப் பார், அமைதியாக இருந்தால்தான் அந்தத் தட்டு. கடைசியில் கால்சியத்தோடு, அதைச் செல்லுக்குள் விடும் அயனோமைசின், அப்புறம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ, வெளிச்சத்தின் உச்சமும் அடியும் கிடைக்கும். அதை வைத்துக் கணக்கிட்டு, ஓய்வில் கால்சியம் 100 நானோமோலார் பக்கம் வராவிட்டால் அந்தச் செல் ஏற்கெனவே நொந்திருக்கலாம், எண்ணில் சேர்க்காதே.

கோவைப் பொண்ணு:
அக்கா, அந்தத் தட்டுகளில் அயனோமைசின் விடவே இல்லை. பதிவு மட்டும் இருக்கிறது, இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஏடிபி நாள், பஃபர் நாள் இரண்டிலும் துளி விழுந்த பக்கத்துச் செல்தான் முதலில் எரிகிறது.