டாட்டூ கன்வென்ஷனுக்கு ஸ்டால் டீம் கூட போறது பத்தி, போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

கேள்வி (ஈரோடு பையன், இப்ப லெஸ்டர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு கிராஜுவேட் விசால (படிப்பு முடிஞ்சதும் இங்க வேலை பாக்க தர்றது) இருக்கேன், எட்டு மாசமா ஒரு டாட்டூ சப்ளை கம்பெனி குடோன்ல வேலை, ஊசி கார்ட்ரிட்ஜ் இங்க் கிளவுஸ் எல்லாம் ஆர்டர் பாத்து பேக் பண்ணி அனுப்புறது. இப்ப ஓனர் கூப்டு கன்வென்ஷன் டீம்ல, அதாவது டாட்டூ ஆர்ட்டிஸ்டுங்க எல்லாரும் கூடி குத்தற ஷோல சரக்கு விக்க ஸ்டால் போடற டீம்ல, வர்றியான்னு கேட்டாரு, மொதல்ல இங்கயே ரெண்டு ஷோ, அப்புறம் பாரிஸ்ல நடக்கற பெரிய ஷோ, எல்லாரும் வேன்ல போறோம்னாரு. மொத்தம் அஞ்சு பேர், நாலு பேர் வெள்ளக்காரங்க, எல்லாரும் ரெண்டு மூணு வருசமா ஒண்ணா போய்ட்டு வர்றவங்க.

எனக்கு ஆசையா இருக்கு. குடோனுக்குள்ளயே கெடந்து இந்த ஊசிய யாரு வாங்குறாங்க என்ன பண்றாங்கன்னே பாத்ததில்ல. ஆனா சில சந்தேகம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரான்ஸ் போக டூரிஸ்ட் விசா போதுமா? நாள் கூலி 100 பவுண்டு, ரூம் சாப்பாடு அவங்க பொறுப்புன்னு சொல்றாங்க, அது சரியான ரேட்டா? என் ஒடம்புல ஒரு டாட்டூ கூட இல்ல, அங்க போய் நின்னா ஒரு மாதிரி பாப்பாங்களா? வீட்ல அம்மாகிட்ட சொன்னேன், படிச்சிட்டு பச்சை குத்துற கடைக்காடா வேலைக்கு போறன்னு வருத்தப்படுறாங்க, இத்தனைக்கும் எங்க அம்மாயி கை ரெண்டுலயும் முழங்கை வரைக்கும் கோலம் கோலமா பச்சை இருந்துச்சு, அத தொட்டு தொட்டு பாத்துதான் சின்ன வயசுல தூங்குவேன். போனவங்க யாராச்சும் உண்மையா எப்பிடி இருக்கும்னு சொன்னா உதவியா இருக்கும்.

பதில் 1 (மதுரை, இப்ப பர்மிங்காம்)

தம்பி, ஆறு வருசம் இந்த வேலை பாத்தேன், போன வருசம்தான் முட்டி வலி தாங்காம நிறுத்துனேன். போங்க, கண்டிப்பா போங்க, ஆனா வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி சில விசயத்த எழுத்துல வாங்கிட்டு ஏறுங்க.

மொதல்ல காசு. 100 பவுண்டுன்னு கேக்க நல்லா இருக்கும், வெள்ளிக்கெழம காலைல எட்டு மணிக்கு ஹாலுக்குள்ள போனா ராத்திரி ஒம்பதுக்குதான் வெளிய வருவீங்க, அது 13 மணி நேரம், வகுத்து பாருங்க மணிக்கு எட்டு பவுண்டு கூட வராது, அது இந்த ஊர் மினிமம் வேஜுக்கு ரொம்ப கீழ. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு வேலைக்காக வேன்ல போற நேரமும் வேலை நேரம்தான், வீட்ல இருந்து ஆபீஸ் போற கணக்கு இல்ல. ரெண்டு நாளுக்கு நடுவுல 11 மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும்னும் சட்டம் இருக்கு. சண்டை போடச் சொல்லல, மணிக்கணக்குல பேசிக்கலாமான்னு ஓனர்கிட்ட மரியாதையா கேளுங்க. நல்ல ஓனரா இருந்தா ஒத்துப்பாரு.

ரெண்டாவது இந்த வேன். உங்க இந்திய லைசென்ஸ் இங்க வந்து குடியேறுன நாள்ல இருந்து 12 மாசம்தான் செல்லும். நீங்க மாஸ்டர்ஸ் முடிச்சிட்டீங்கன்னா அது தாண்டிருக்கும். ஞாயித்துக்கெழம நைட்டு எல்லாரும் செத்து கெடக்கறப்ப நீ கொஞ்ச தூரம் ஓட்டுன்னு சொல்லுவாங்க, பாவமா இருக்குன்னு ஸ்டியரிங்க தொட்றாதீங்க, இன்சூரன்ஸும் நிக்காது உங்க விசாவுக்கும் நல்லது இல்ல.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம், சரக்கு. பிரெக்சிட்டுக்கு அப்புறம் பிரான்ஸுக்கு கப்பல் ஏறுற டோவர் துறைமுகத்துல பழைய மாதிரி கை காட்டிட்டு போக முடியாது. ஸ்டால் ஃப்ரேம், டிவி, டிஸ்ப்ளேக்கு வெக்கற மெஷின், இதெல்லாம் போய்ட்டு திரும்பி வர்ற பொருள், அதுக்கு ஏடிஏ கார்னேன்னு ஒரு பேப்பர் போடலாம். ஆனா விக்கறதுக்கு கொண்டு போற ஊசி இங்க் எதுவும் அதுல வராது, அதுக்கு தனியா ஏற்றுமதி கணக்கு, இன்வாய்ஸ், கஸ்டம்ஸ் ஏஜென்ட் வேணும். நான் மொதல்ல இருந்த டீம்ல அந்த செலவ மிச்சம் பிடிக்கறேன்னு ஆளுக்கு ரெண்டு பாக்ஸ் கார்ட்ரிட்ஜ உங்க சூட்கேஸ்ல துணிக்கு கீழ வெச்சுக்கங்கன்னாங்க. நான் வெச்சேன். பிரான்ஸ் பக்கத்து துறைமுகம் கலே கிட்ட நிறுத்தி பொட்டிய தெறக்க சொன்னாங்க, மூணு மணி நேரம் ஒரு ரூம்ல உக்காந்திருந்தேன், சரக்கு போச்சு, அபராதம் கம்பெனி கட்டுச்சு, ஆனா பேப்பர்ல எழுதுனது என் பேரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ பார்டர் தாண்டும்போதும் வயித்துக்குள்ள ஒரு பயம், இன்னிக்கும் இருக்கு. யாரு சொன்னாலும் உங்க பொட்டில உங்க துணி மட்டும்தான்.

இங்க் விசயமும் இதுல சேர்ந்ததுதான். யூரோப்ல 2022 ஜனவரி 4ல இருந்து டாட்டூ இங்க்ல என்னென்ன கெமிக்கல் எவ்ளோ இருக்கலாம்னு ரீச்ங்கற அவங்க கெமிக்கல் சட்டத்துல கட்டுப்பாடு வந்துச்சு, ஒரு நீலம் ஒரு பச்சை பிக்மென்ட்டுக்கு மட்டும் ஒரு வருசம் டைம் குடுத்து 2023 ஜனவரியோட அதையும் நிறுத்துனாங்க. பிரிட்டன்ல அதே ரூல் கெடையாது. அதனால உங்க குடோன் ரேக்ல இருக்கற பாட்டில் இங்க விக்கலாம், பாரிஸ்ல விக்க கூடாதுன்னு ஆகும். லேபிள்ல இது டாட்டூவுக்கான கலவைன்னு எழுதிருக்கணும், அந்த ஊர் பாசைல இருக்கணும். நீங்க பேக்கிங்ல இருக்கறவர், உங்களுக்குதான் இது ஈசி, கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உக்காந்து பாட்டில பிரிச்சு வெச்சீங்கன்னா டீம்ல உங்க மதிப்பே வேற.

மத்தபடி நல்ல ஷூ வாங்குங்க. ஹால் எல்லாம் கான்கிரீட் தரை. ஸ்டாலுக்கு உள்ள நிக்கற எடத்துல ரப்பர் மேட் போடச் சொல்லுங்க, நான் அத அலட்சியமா விட்டதுக்குதான் இப்ப முட்டிய பிடிச்சிட்டு மாடிப்படி ஏறுறேன்.

பதில் 2 (யாழ்ப்பாணம், இப்ப பாரிஸ்)

தம்பி, நான் இங்க 14 வருசமா இருக்கிறன். பிரெஞ்சு கதைக்கத் தெரியும் எண்டு ஒரு இங்கிலீஸ் கொம்பனி ரெண்டு வருசம் பாரிஸில ல வில்லெட் எண்ட இடத்தில நடக்கிற மொண்டியால் து தத்துவாஜ் எண்ட டாட்டூ ஷோவுக்கு என்னை ஸ்டோலில நிக்கக் கூப்பிட்டவை, நானும் போனனான். நீங்க சொல்லுற பாரிஸ் ஷோவும் அதுவாத்தான் இருக்கும். பழைய மாட்டுச் சந்தைக் கட்டிடம், இரும்பும் கண்ணாடியுமா பெருசா இருக்கும், நூற்றுக்கணக்கில மெசின் ஒரே நேரத்தில இரையும், முதல் நாள் வீட்டை வந்து படுத்தாப் பிறகும் காதுக்குள்ள அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விசா டூரிஸ்ட் எண்டு போட வேண்டாம். நீங்க ஸ்டோலில நிண்டு விக்கப் போறீங்கள், அது வேலை. லண்டனில இருந்தே பிரான்ஸ் விசா செண்டரில போடலாம், 90 யூரோ ஃபீஸ், ஆறு மாசத்துக்கு முதலே போடலாம், கடைசி 15 நாளுக்குள்ள போய் நிக்காதேங்கோ. உங்கட கொம்பனி ஒரு கடிதம், ஷோ நடத்துறவையிட்ட இருந்து ஸ்டோல் எடுத்த பேப்பர், ரெண்டும் கட்டாயம் வேணும். பிரான்ஸில தொழில் கண்காட்சி மாதிரி சில விசயத்துக்கு மூண்டு மாசத்துக்குள்ள எண்டால் தனி வேலை அனுமதி தேவையில்லை எண்டு ஒரு விலக்கு இருக்கு, ஆனா உங்கட வேலை அதுக்குள்ள வருமோ எண்டதைக் கொம்பனியைக் கேட்டு எழுத்தில எடுக்கச் சொல்லுங்கோ. ஜேர்மனி, இத்தாலி எண்டால் அங்கத்தைய சட்டம் வேற. பாரிஸுக்கு எடுத்ததை வச்சு எல்லா இடமும் விக்கலாம் எண்டு நினைக்க வேண்டாம்.

ரூம் விசயத்தையும் முதலே கேளுங்கோ. எனக்கு வீடு இங்க இருந்தபடியால் தப்பினன். வந்த பிள்ளை ஒண்டு லண்டனில இருந்து, வயசு 22 இருக்கும், மூண்டு ஆம்பிளையளோட ஒரே ரூம் எண்டு வந்து இறங்கின பிறகுதான் சொன்னவை. அவ அழுதுகொண்டு நிண்டா, நான் என்ர வீட்டை கூட்டிக்கொண்டு போனன். நீங்க ஆம்பிளைப் பிள்ளை எண்டாலும் தனிக் கட்டில் இருக்கோ எண்டு கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். ல வில்லெட்டுக்குக் கிட்ட போர்த் து பந்தான் மெட்ரோ, அஞ்சாம் நம்பர் லைனில ஏறினால் நேரா கார் து நோர் ஸ்டேசன். இறங்கி லா சப்பல் பக்கம் நடந்தால் முழுக்க எங்கட கடையள்தான். ராத்திரி கொத்து ரொட்டியும் ஒரு பிளேன் டீயும் குடிச்சால் அடுத்த நாள் நிக்கலாம். உங்கட டீமையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் என்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அவை என்னோட மனம் விட்டுக் கதைக்கத் தொடங்கினவை.

பதில் 3 (சென்னை, டாட்டூ ஆர்ட்டிஸ்ட்)

நான் ஸ்டாலுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளு, ஊசி வாங்கறவன். ரெண்டு தடவ யூரோப் கன்வென்ஷன்ல பூத் எடுத்து குத்திருக்கேன். ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல இருந்து சொல்றேன்.

சனிக்கெழம மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு தீர்ந்து போறது மெஷினோ வெல கூடுன இங்க்கோ இல்ல, பேப்பர் டவல், கிளிங் ஃபிலிம், கிளவுஸ், இங்க் கப், ரேசர், ஸ்டென்சில் பேப்பர், கருப்பு இங்க். மீடியம் சைஸ் கருப்பு கிளவுஸ் முதல்ல காலியாகும். கஸ்டமர் கால நீட்டி படுத்திருப்பாரு, பாதி லைன் போட்ருப்போம், கிளவுஸ் இல்லன்னா எந்திரிச்சு போக முடியாது. அப்ப ஒரு சப்ளை பையன் ஒரு ட்ரேல இதெல்லாம் வெச்சு பூத் பூத்தா சுத்தி வந்தான், அண்ணன் எதாச்சும் வேணுமான்னு கண்ணாலயே கேட்டான், தோள தட்டல, மெஷின் ஓடறப்ப பேசல, ஊசிய தூக்குனதும்தான் கிட்ட வந்தான். அந்த பையன் கம்பெனிலதான் நான் இன்னி வரைக்கும் ஆர்டர் போடறேன். நீங்க அந்த பையனா இருங்க.

ஊசி நம்பர் மனப்பாடமா தெரியணும், குடோன்ல இருக்கறதால தெரிஞ்சிருக்கும். 1207 ஆர்எல்னு (ரவுண்ட் லைனர், லைன் போடற ஊசி) கேட்டா 12ங்கறது ஊசியோட தடிமன், 0.35 மில்லிமீட்டர், 10னா 0.30, பின்னாடி இருக்கற 7 எத்தன ஊசி சேர்ந்துருக்குன்னு. லைன் போட சில பேர் 12 கேப்பாங்க, மெல்லிசா ரியலிசம், அதாவது போட்டோ மாதிரி பண்றவங்க 10 கேப்பாங்க, மாத்தி குடுத்தீங்கன்னா கோவம் வரும். பாக்கெட் மேல எக்ஸ்பைரி தேதி பாத்துட்டு குடுங்க. ஷோவுக்கு பழைய சரக்க தள்ளி விடறது நடக்குது, அது ஒருத்தரோட தோலுக்குள்ள போற பொருள்.

இன்னொன்னு, பப்ளிக்ல இருந்து பதினாறு பதினேழு வயசு பசங்க வந்து மெஷின் கிட் எவ்ளோன்னு கேப்பாங்க. காசு குடுத்தாலும் விக்காதீங்க. ஸ்டூடியோ ரிஜிஸ்ட்ரேஷன் காட்டுனாதான்னு உங்க ஓனர் ரூல் வெச்சிருந்தா அத கெட்டியா புடிச்சுக்கங்க. வீட்ல குத்தி சீழ் பிடிச்சு வர்ற பசங்கள வாரம் ஒருத்தர நான் இங்க பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஹால் காலி பண்ணும்போது குப்பைப் பைய கையால அமுக்காதீங்க, ஊசி மஞ்ச டப்பால போடணும்னு எல்லாருக்கும் தெரியும், களைப்புல யாராச்சும் ஒருத்தர் பைல போட்ருப்பாங்க. ரத்தம் வழியா பரவற ஹெபடைடிஸ் பி நோய்க்கு தடுப்பூசி போட்ருக்கீங்களான்னு பாருங்க, வழக்கமா மூணு டோஸ், ஆறு மாசம் ஆகும், இப்பவே ஆரம்பிங்க.

டாட்டூ இல்லன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. கேட்டா உங்க அம்மாயி கைய பத்தி சொல்லுங்க. எங்க பாட்டிக்கும் இருந்துச்சு, நான் இந்த தொழிலுக்கு வந்ததே அத பாத்துதான், குறத்தி வந்து திண்ணைல உக்காந்து குத்துவாங்கன்னு சொல்லுவாங்க. ஒரு ஷோல அந்த கோலத்த பேப்பர்ல வரைஞ்சு பூத்துல ஒட்டுனேன், கையால குத்தற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் வந்து ஒரு மணி நேரம் நின்னு புள்ளி எங்க ஆரம்பிக்குது கோடு எங்க திரும்புதுன்னு கேட்டுட்டே இருந்தாரு. அம்மாயி போட்டோ எதாச்சும் இருந்தா கை தெரியற மாதிரி ஸ்கேன் பண்ணி வெச்சுக்கங்க தம்பி, அம்மாகிட்டயே கேளுங்க, அவங்கதான் தேடி எடுத்து குடுக்கணும்.

கேட்டவர்

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ எழுதுவீங்கன்னு நெனைக்கல. இன்னிக்கு ஓனர்கிட்ட பேசிட்டேன். பாரிஸ் சரக்குக்கு ஏஜென்ட் வெச்சிருக்கோம், யாரும் பொட்டில எதுவும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னு அவரே சொன்னாரு, நிம்மதி. விசாவுக்கு லெட்டர் தர்றாரு, வேலை அனுமதி பத்தி எழுத்துல கேட்டுட்டு சொல்றேன்னாரு. ரூம்ல தனி கட்டில். மணிக்கணக்கு கூலிக்கு மட்டும் யோசிச்சு சொல்றேன்னாரு, வெள்ளிக்கெழம பதில் வரும். இங்க் பாட்டில் பிரிக்கற வேலைய நானே கேட்டு வாங்கிட்டேன்.

அம்மாகிட்ட போட்டோ கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் ராத்திரி வாட்சப்ல அனுப்புனாங்க, அம்மாயி முறத்துல அரிசி பொடைக்கற போட்டோ, கை நல்லா தெரியுது. எடது கைல இருக்கற தேள் என் நெனப்புலயே இல்ல.

பதில் 1

கூலிய பத்தி வெள்ளிக்கெழம என்ன சொன்னாருன்னு இங்க வந்து போடுங்க தம்பி. இல்லன்னு சொன்னா மொதல் ஷோல எத்தன மணிக்கு உள்ள போனீங்க எத்தன மணிக்கு வெளிய வந்தீங்கன்னு போன்ல குறிச்சு வெச்சுட்டு வாங்க, அத காட்டி எப்பிடி பேசணும்னு நான் சொல்லித் தர்றேன். அந்த தேள் போட்டோவையும் போடுங்க.